டபுள்ஸுக்கும் ஒரு சாயங்காலம் கொடுங்கள்

நம் நாட்டில் ஆண்கள் சேலஞ்சர் டென்னிஸ் போட்டிகளை (பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ளவை) நடத்துகிற பெரியவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். டெல்டாவில் நெல் தெரியும், கோயில் தெரியும், டென்னிஸ் எங்கே வந்தது என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஊர்களில் கிளப் இருக்கிறது, கிளப்புக்குள் ஒரு மண் கோர்ட்டும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சேறாகிக் கிடக்கும். தை பிறந்ததும் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டால் ஆட்டம் ஆரம்பம். வக்கீல், பல் டாக்டர், உரக்கடைக்காரர், ரிட்டயரான பேங்க் மேனேஜர், அப்புறம் என்னைப் போல வயலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள். கோர்ட் ஒன்று, ஆள் பத்துப் பேர். இதில் யாராவது சிங்கிள்ஸ் ஆட ஆசைப்பட்டால், "ஏன் தம்பி, நாங்கள்லாம் வேடிக்கை பாக்கவா வந்தோம்?" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்துவிடும். ஆக, எங்களுக்கு டென்னிஸ் என்றாலே டபுள்ஸ்தான். இதே மாதிரி கிளப்புகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. உங்கள் போட்டிக்கு டிக்கெட் வாங்கி வரக்கூடிய கூட்டம் இதுதான் என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டபுள்ஸை ஏன் இப்படி ஒளித்து ஒளித்து நடத்துகிறீர்கள்?

ஒரு போட்டிக்கு, எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம், கிளப் ஆட்கள் சேர்ந்து ராத்திரி ரயில் ஏறிப் போனோம், டபுள்ஸ் அரையிறுதி பார்க்கத்தான். மெயின் கோர்ட்டில் சிங்கிள்ஸ் இழுத்துக்கொண்டே போனதால் டபுள்ஸைப் பின்பக்கக் கோர்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மைக்கில் ஒரு வார்த்தை இல்லை. வாசலில் நின்ற பையனைக் கேட்டால், "டபுள்ஸா? அது முடிஞ்சிருக்குமே சார்" என்றான். முடியவில்லை. விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது செட் 4-4. நிழல் கிடையாது, உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் இரண்டில் ஆட்டக்காரர்களின் பை. எங்களோடு வந்த பேங்க் மேனேஜர் மாமாவுக்கு வயது 70-க்கு மேல், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் பார்த்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்தான் டபுள்ஸ் எவ்வளவு பெரிய ஆட்டம் என்று தெரிந்தது. நெட்டில் நிற்கிறவன் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுகிறான். மூடிய கை என்றால் இடத்திலேயே நிற்பேன், விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன். சில பாயின்ட்டில் நடுக்கோட்டுக்கு மேலே கிட்டத்தட்ட மண்டியிட்டுக் குனிந்துகொள்கிறான், பார்ட்னர் போடும் சர்வ் அவன் தலைக்கு மேலே சீறிக்கொண்டு போகிறது, இவன் எந்தப் பக்கம் எழுவான் என்று எதிரில் இருக்கிறவனுக்குத் தெரியாது. சிங்கிள்ஸில் 27 அடி அகலமாக இருக்கும் கோர்ட் இங்கே 36 அடி. ஓடக் கூட ஓர் ஆள் இருக்கிறானே என்று பார்த்தால், அடிக்க இடமும் கூடிவிடுகிறது. நாலு பேரும் நெட்டில் நின்று, பந்து தரையில் படுவதற்கு முன்பே மாற்றி மாற்றி வாலி அடிக்கும்போது பந்து தெரியவில்லை, சத்தம்தான் கேட்கிறது. நாங்கள் இரட்டை நாயனம் கேட்டு வளர்ந்தவர்கள், திருவீழிமிழலை சகோதரர்கள் வாசித்த மண் இது. ஒருவர் மூச்சு எடுக்கிற இடத்தை இன்னொருவர் காதில் விழாமல் நிரப்புகிற அந்த ஒட்டுறவைத்தான் அன்றைக்கு அந்தப் பின்பக்கக் கோர்ட்டில் பார்த்தேன்.

அதோடு, இந்தியா டென்னிஸில் பேர் வாங்கியதில் பாதிக்கு மேல் டபுள்ஸில் வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? 1966-இல் மெல்போர்னில், நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம், அந்த ஒரு வெற்றி ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப், ரோச் ஜோடியை வீழ்த்திய டபுள்ஸ் ஆட்டம். 1976-இல் விம்பிள்டன் டபுள்ஸ் அரையிறுதிக்கு நம் அமிர்தராஜ் சகோதரர்கள் போனார்கள். பயஸும் பூபதியும் சென்னையில் மட்டும் 1997, 98, 99, 2002, 2011 என்று ஐந்து முறை பட்டம் வாங்கினார்கள். 2017-இல் சென்னை ஓப்பன் டபுள்ஸ் இறுதியில் நாலு பேரும் இந்தியர்கள், ஜெயித்த ஜோடி போபண்ணாவும் நம்ம ஜீவன் நெடுஞ்செழியனும். அடுத்த வருடமே அந்தப் போட்டி புனேக்குப் போய்விட்டது, அது வேறு கதை. 2024 செப்டம்பரில் அதே ஜீவனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சீனாவில் ஹாங்சோ பட்டத்தை வென்றார்கள். தமிழ்நாட்டுப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து வென்ற ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) பட்டம் அது! எங்கள் ஊர் டீக்கடையில் யாருக்கும் தெரியவில்லை.

பணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேமரா போகும் என்பீர்கள். சரி. 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் சிங்கிள்ஸ் சாம்பியனுக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், டபுள்ஸ் ஜோடிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்தே 7.3 லட்சம். அந்த வருடம் ஆஸ்திரேலியாவின் எப்டனோடு சேர்ந்து அதை வென்றபோது போபண்ணாவுக்கு வயது 43. பரிசுத் தொகையை நீங்கள் மாற்ற முடியாது, தெரியும். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 பாயின்ட் வரை போகும் டைபிரேக், ஒரு கேமில் 40-40 வந்தால் அடுத்த ஒரே பாயின்ட்டில் முடிவு என்று ஏடிபி 2006-இல் கொண்டுவந்த முறையும் உங்கள் கையில் இல்லை. (அந்த ஒரே பாயின்ட் எனக்குப் பிடித்திருக்கிறது. யார் ரிட்டர்ன் எடுப்பது என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு பேசுகிற அந்த நொடிக்கே காசு கொடுக்கலாம். டைபிரேக்தான் கொஞ்சம் லாட்டரி மாதிரி.)

உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். தினம் ஒரு டபுள்ஸையாவது சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு, மெயின் கோர்ட்டில் போடுங்கள், ஆபீஸ் விட்டு வருகிறவர்களும் பார்ப்பார்கள். கோர்ட்டை மாற்றினால் மைக்கில் சொல்லுங்கள், வாசலில் எழுதிப் போடுங்கள், இதற்குச் செலவே இல்லை. போஸ்டரில் ஒரு ஜோடியின் முகமாவது இருக்கட்டும். அப்புறம் வைல்டு கார்டு, அதாவது ரேங்க் பார்க்காமல் நடத்துகிறவர்களே கொடுக்கும் இடம். அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தேசியப் போட்டி நடக்கிறது, அங்கே டபுள்ஸ் ஜெயிக்கும் பையன்களுக்கு யுஎஸ் ஓப்பன் டபுள்ஸில் நேரடி இடம். அந்த மாதிரி, மாநில அளவில் ஜோடிகளுக்கென்றே ஒரு தகுதிப் போட்டி வைத்து ஜெயிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு இடம் கொடுங்கள். முதல் சுற்றில் 6-1, 6-0 என்று அடி வாங்கித் திரும்பினாலும் பரவாயில்லை. தஞ்சாவூரிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ ஒரு ஜோடி அந்த வரிசையில் பேர் எழுதினால், இங்கே மண் கோர்ட்டில் பந்து பொறுக்கிக்கொண்டிருக்கும் பையன்களும் ராக்கெட்டைத் தொடுவார்கள்.

போட்டி பிப்ரவரியில் என்றால் எங்களுக்குத் தோது, சம்பா அறுப்பு ஏறக்குறைய முடிந்திருக்கும். உழவன் எக்ஸ்பிரஸில் 60 நாளுக்கு முன்பே சீட்டுப் போட வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது. அதனால் டபுள்ஸ் இறுதி சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பதை மட்டும் தேதி அறிவிக்கும்போதே சேர்த்து அறிவித்துவிடுங்கள். ஏழெட்டுப் பேர் வருகிறோம், பேங்க் மேனேஜர் மாமாவுக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஒரு டபுள்ஸ் ரசிகன்