பூட்டுப்பெட்டி கிடைத்துவிட்டது, மச்சான்

அன்புள்ள மச்சான்,

பூட்டுப்பெட்டி கிடைத்துவிட்டது, பிழையான லீவர் அசையாமல் பிடித்துவைக்கிற அந்தப் பெட்டிதான். நம்பமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் ஸ்ரேசனின் பழைய சிக்னல் கபினின் கூரைத்தட்டு இடிந்து விழுந்து கிடந்ததல்லவா, அதை ட்ரக்டரில் சங்கிலி போட்டு இழுத்துப் புரட்டினோம். அடியில் சேறு, புற்று மண், பாம்புச் சட்டை ஒன்று. அதற்கும் கீழே, ஒருக்களித்தபடி, முழு இரும்புப் பெட்டி. பழைய இரும்புக்காரர்கள் எப்படி விட்டுவைத்தார்கள் என்று கேட்பாய். தட்டு மேலே விழுந்து மூடியிருந்ததால் அவர்கள் கண்ணில் படவேயில்லை. பட்டிருந்தால் போயிருக்கும். சண்டை முடிந்த பிறகு இந்தப் பக்கம் கைகாட்டிச் சிக்னல் கம்பம் முதல் சைக்கிள் செயின் வரைக்கும் நிறுத்து வாங்கிப் போனவர்கள் அவர்கள்.

உன் பொங்கல் வாழ்த்துக்கும் பதில் போடவில்லை, பிறந்தநாள் வாழ்த்துக்கும் போடவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் சுகம். மனுசிக்கு முழங்கால் வலி, மருந்தெண்ணெய் பூசிக்கொண்டு கோவிலுக்கு நடக்கிறாள். பெரும்போகம் பரவாயில்லை, நெல் விலைதான் வழக்கம்போல அறுக்கும்போது விழுந்துவிட்டது. மகன் மன்னாருக்கு மாறிப் போய்விட்டான். இவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

இதற்கெல்லாம் காரணம் நீதான், தெரியுமா? போன வருடம் ஒரு படம் அனுப்பினாயே. இங்கிலாந்தில் சென்ற் அல்பன்ஸ் சிக்னல் கபினில், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சிவப்பு லீவரை இழுத்தபடி இளித்துக்கொண்டு நிற்கிறாய். கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் அள்ளச் சொன்னால் வயிற்றுவலி என்று ஓடின ஆள் நீ. அந்தப் படத்தைப் பார்த்து வாத்தி சிரித்த சிரிப்பு கேற்றடி வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எங்கட கபின் இப்ப எப்பிடிக் கிடக்குது?” என்று கேட்டார். அடுத்த நாளே கத்தியும் மண்வெட்டியுமாகப் போய்விட்டோம்.

நீ எழுதியதை அவருக்கு வாசித்தும் காட்டினேன். 1892 இல் மிட்லண்ட் ரயில்வே கட்டியது, மூடி வருடக்கணக்காய்ப் பாழாய்க் கிடந்ததைத் தொண்டர்கள் கூடித் திருத்தினார்கள், இப்போது பெரிய பாதையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை, ஆனாலும் லீவர்கள் அசைகின்றன என்று. வாத்திக்கு அந்தக் கடைசி வரிதான் பிடித்துக்கொண்டது.

சேர்ந்திருப்பவர்கள் யாரென்றால் வாத்தி, சோடாப்புட்டி, நான், விளையாட்டுக் கழகப் பெடியள் கொஞ்சப்பேர், அப்புறம் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளை ஒன்று. நெட்டையனின் பேத்தி. ஆள் நெட்டையனைப் போலவே: பேசுவது குறைவு, பேசினால் குத்தும். சோடாப்புட்டி வேலை செய்வதைவிட மேற்பார்வை செய்வது அதிகம். அதுவும் உனக்குப் புதிதல்ல.

புதுப்பாதைக்கு இந்தக் கபின் தேவையில்லை. இந்தியக் கம்பனி இர்கொன் வந்து போட்ட பாதை, வண்ண விளக்குச் சிக்னல், எல்லாம் மின்சாரம். யாழ்தேவி எங்களைக் கடந்துபோகும் வேகத்துக்கு ஜன்னலில் இருப்பவன் முகம்கூடத் தெரியாது. குறை சொல்லவில்லை, நல்ல விசயம்தான். ஆனால் பற்றை வெட்டிக்கொண்டிருந்தபோது பெடியன் ஒருவன் கேட்டான்: “அங்கிள், கோச்சி 2013 இலதானே வந்தது? அதுக்கு முந்தி இதுக்குள்ள என்ன செய்தவை?”

மச்சான், எனக்கு வாய் வரவில்லை. அவனில் பிழை இல்லை. அவனுக்கு நினைவு தெரிந்து 2013 செப்ரெம்பரில்தானே கிளிநொச்சி வரைக்கும் கோச்சி வந்தது. 1905 இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே ஓடத் தொடங்கியதும், 1956 இல் யாழ்தேவி வந்ததும், 1990 ஜூனில் எல்லாம் நின்றதும் அவன் எங்கே கண்டான்? கண்ணால் காட்டி இதுதான் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. தண்டவாளம் பங்கருக்குப் போனது, சிலிப்பர்கட்டை பங்கருக்குப் போனது, கல்லைக்கூட அள்ளிவிட்டார்கள். புதிதாய்ப் போடும்போது முதலில் கண்ணிவெடி எடுத்து, பிறகு அடியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. எட்டுப் பத்து மதகுகளையும் இந்தக் கபினையும் விட்டால் பழசு என்று எங்கள் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?

சரி, அழுகையை விடுவோம். சாமான் தேடிய கதையைக் கேள்.

பன்னிரண்டு லீவர்களும் போய்விட்டன, இரும்புச் சட்டகத்தில் பொந்துகள்தான் மிச்சம். ஊருக்குள் சொல்லி வைத்தோம். பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஸ்ரேசன் எங்கும் போகவில்லை, ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது! பள்ளிக்கூடத்தில் மணியாய் அடிப்பது தண்டவாளத் துண்டு. அதைக் கேட்கவே கூடாது என்று வாத்தி முதலே சொல்லிவிட்டார், முப்பது வருடம் அதை அடித்த ஆள். கைகாட்டிப் பலகை ஒன்று கோழிக்கூட்டுக் கூரையாய் இருந்தது. சிவப்பு மை முழுக்கப் போய், கோழி எச்சத்துக்கு அடியில் வெள்ளைக் கோடு மட்டும் மங்கலாய்த் தெரிந்தது. கம்பி ஓடுகிற கப்பி ஒன்று கிணற்றில் இன்னும் வாளி இழுக்கிறது. அதையும் விட்டுவிட்டோம்.

கைகாட்டியின் கண்ணாடிக்குத்தான் சண்டை வந்தது. சின்னப் பெடியன் ஒருவன் தோட்டத்தில் எடுத்ததாக நீலத்துண்டு ஒன்று கொண்டுவந்தான். சிவப்பும் பச்சையும்தானே சிக்னல், நீலம் எங்கே வந்தது, இது சென்ற்போத்தல் உடைந்தது என்று எல்லோரும் ஒரே குரலில். எனக்கு இந்தக் கபினில் வேலை செய்த உன் அப்பு சொன்னது ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சம் மஞ்சள், அதன் முன்னால் பச்சைக் கண்ணாடி வைத்தால் நிறம் சரியாய் வராது, நீலம் வைத்தால்தான் தூரத்தில் இருக்கும் றைவருக்குப் பச்சையாய்த் தெரியும். சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. பொழுதுபட்டதும் வாத்தி வீட்டுத் திண்ணையில் கைவிளக்கை ஏற்றி முன்னால் பிடித்தோம். பச்சை! சோடாப்புட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தான். உன் அப்பு இருந்திருந்தால் சிரித்தே இருமியிருப்பார்.

லீவர்கள் ஐந்து கிடைத்தன. கிடைத்தது ஐந்து, வந்தது நான்கு.

ஐந்தாவது குளத்தடி ஆச்சி வீட்டில். மல்லிகைப் பந்தலுக்கு முண்டு கொடுத்து நாட்டியிருக்கிறா. கைப்பிடி மேலே, கொழுக்கி இருந்த இடம்கூட அப்படியே. நாங்கள் போய்ப் பவ்வியமாய்க் கேட்டோம், புதுக் குழாய்க்கம்பி தருகிறோம், சீமெந்து போட்டு நாட்டித் தருகிறோம் என்றோம். ஆச்சி தேத்தண்ணீர் தந்தா. பிறகு சொன்னா: “தம்பி, இது பங்கருக்கு மேல கிடந்தது. இதுக்குக் கீழதான் நாங்கள் தப்பினது. சின்னவன் வெளியில போனவன். இதைக் கழட்டிப்போட்டு நான் எதைப் பாக்கிறது?”

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். வழியில் ஒருவரும் பேசவில்லை. பிறகு கழகப் பெடியன் ஒருவன், ஆச்சிக்கு விளங்கவில்லை, இது வரலாற்றுச் சின்னம், எடுத்துச் சொல்லவேணும் என்று தொடங்கினான். நெட்டையனின் பேத்தி திரும்பி அவனைப் பார்த்து, “அங்கயும் அது வரலாற்றுச் சின்னம்தான்” என்றாள். அடுத்த வாரம் அளவுநாடாவோடு தனியாய்ப் போய், பந்தலுக்குக் கீழே குந்தியிருந்து அளவெடுத்து வந்திருக்கிறாள். ஆச்சி மல்லிகைப்பூவும் கட்டிக் கொடுத்து அனுப்பினாவாம். அந்த அளவைக் கொண்டு மிச்சம் எட்டையும் பட்டறையில் செய்விக்கப் போகிறோம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். எனக்கு இரவில் நித்திரை வராத விசயம்.

கபினை எப்படித் திருத்துவது என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு மை பூசினால் போதும். பிரித்தானிய முறைப்படி சிக்னலுக்குச் சிவப்பு, தடம் மாற்றும் பொயின்ற்ஸுக்குக் கறுப்பு, பொயின்ற்ஸ் பூட்டுக்கு நீலம், வேலையில்லாததற்கு வெள்ளை என்று வரிசையாய் அடித்து, லீவர்களை சீமெந்தில் இறுக்கி, வாசலில் கச்சான் விற்கலாம், வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகட்டும் என்கிறார்கள். சோடாப்புட்டி இந்தக் கட்சியின் தலைவர். நான் விடமாட்டேன் என்கிறேன். அசையாத லீவரை வைத்துக்கொண்டு என்னத்தைக் காட்டுவது? பூட்டு வேலை செய்யவேண்டும். கம்பி போகவேண்டாம், கைகாட்டி வெளியில் விழவேண்டாம். ஆனால் பிழையான லீவரை இழுத்தால் அது வரக்கூடாது. அந்த ‘வராது’தான் மச்சான் கபின். மிச்சமெல்லாம் வெறும் கட்டிடம்.

பெட்டியைக் கழுவி, மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பித்தும்பால் தேய்த்துத் திறந்தபோது நானே முதல்முறையாகப் பார்த்தேன். நாங்கள் சின்னதில் மேலே நின்று லீவரைத்தானே பார்த்தோம். கீழே ஒவ்வொரு லீவருக்கும் ஒரு தட்டை இரும்புச் சட்டம், அதன் ஓரத்தில் வெட்டுக்கள். லீவரை இழுத்தால் சட்டம் நகரும், வெட்டின் சரிவு பக்கத்தில் இருக்கும் துண்டைத் தள்ளும், அந்தத் துண்டு போய் இன்னொரு சட்டத்தின் வெட்டுக்குள் குந்திவிடும். அதற்குப் பிறகு அந்த லீவரை யானை கட்டி இழுத்தாலும் அசையாது. உன் பெரியம்மா வீட்டுச் சாவிக்கொத்துப் போலத்தான், சின்ன மருமகள் அறையைப் பூட்டிவிட்டு வந்தால்தான் மூத்தவளுக்கு அலுமாரிச் சாவி. மின்சாரம் இல்லை, ஒன்றும் இல்லை. மனிதன் மறப்பான், நித்திரைக் கண்ணில் தடுமாறுவான் என்று தெரிந்து, அவன் கையை இரும்பால் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு. 1856 இல் சக்ஸ்பி என்கிற இங்கிலாந்துக்காரர் இதற்கு முதல் உரிமம் எடுத்தார் என்று நீதான் எழுதியிருந்தாய். 1889 இல் அயர்லாந்தில், ஆர்மாவில், ஞாயிறு பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் போன கோச்சி விபத்துப்பட்டுப் பலர் செத்த பிறகுதான் அங்கே இதைச் சட்டமாக்கினார்கள் என்றும் எழுதினாய். வாத்தி அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு கோச்சியை மட்டும் விடுகிற ரப்லெட் மெசினும் அப்படித்தான் வந்தது போல. இங்கிலாந்தில், தோர்ப்பில் 1874 இல் ஒற்றைப் பாதையில் தந்தி குழம்பி இரண்டு கோச்சி நேருக்கு நேர் மோத, நான்கு வருடம் கழித்து ரையர் அந்த மெசினைக் கண்டுபிடித்தார். ரப்லெட் என்பது றைவருக்கு அனுமதியாய்க் கொடுக்கிற தகடு, ஒன்று வெளியே போனால் அது திரும்பிப் போகும்வரைக்கும் இரண்டு ஸ்ரேசனிலும் இன்னொன்று எடுக்க முடியாது. உன் அப்பு பிரம்பு வளையத்தில் அதை வைத்துத் தூக்கிப் பிடிக்க, ஓடுகிற எஞ்சினிலிருந்து றைவர் கையை நுழைத்து எடுத்துக்கொண்டு போவாரே, அது வெறும் வித்தை என்றுதானே நாங்கள் நினைத்தோம். அந்த வளையத்தைத் திருடிக் கோவில் வீதியில் உருட்டி அடி வாங்கியது யார் என்று நான் இங்கே எழுதவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், நெட்டையனின் பேத்தி வெட்டுக்களை அளந்து, எந்த எண் எந்த எண்ணைப் பூட்டும் என்று பெரிய தாளில் கீறிவிட்டாள். இரண்டு இடத்தில் மட்டும் துரு தின்றுவிட்டது. ஆனால் எண் இருக்கிறது, பெயர் இல்லை. பித்தளைத் தகடுகள் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது வவுனியாப் பக்கத்துச் சிக்னலா, கிளிநொச்சிப் பக்கத்ததா? எட்டு வெள்ளையா, இல்லை சரக்குப் பாதையின் பொயின்ற்ஸா? யாரும் இல்லை சொல்ல. ஒரே ஒரு ஆள்தான், உன் அப்பு, எந்த லீவர் எதற்கென்று கபினில் எழுதியிருந்த பலகையை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார், அவரை நாங்கள் பத்து வருடத்துக்கு முன்னால் கொண்டுபோய் எரித்துவிட்டோம்.

ஆனால் அப்புவின் கொப்பி இருக்கிறதல்லவா? நீல அட்டை, கருப்பு நூல் கட்டியது. இடம்பெயரும்போது உன் அக்கா அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனது. நீ பயணம் போகும்போது அதை உன் பெட்டிக்குள் வைத்ததை நான் கண்டேன், இல்லையென்று சொல்லாதே. அதில் ஒரு பக்கத்தில் பலகையைக் கீறியிருப்பார். “அஞ்சு போகாமல் ரெண்டு வராது” என்று நாங்கள் கடன் கேட்கும்போதெல்லாம் சொல்லிச் சிரித்தோமே, அது அங்கே எழுதியிருக்கிறது என்று வாத்தி அடித்துச் சொல்கிறார். பேத்தி கீறின தாளிலும் இரண்டுக்கு முன்னால் ஐந்து போகவேண்டும் என்றுதான் வந்திருக்கிறது! எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அந்தப் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. வட்ஸ்அப்பில் போட்டுக் குழப்பாதே, மின்னஞ்சலில் அனுப்பு, பிள்ளைக்குத் தெளிவாய் வேண்டுமாம். கொப்பியை அனுப்பு என்று கேட்கவில்லை. அது உன்னிடமே இருக்கட்டும். அங்கே உன் தொண்டர் கிழடுகளிடம், பூட்டுச் சட்டங்களுக்கு எண்ணெய் போடுவதா, கிறீஸா என்றும் கேட்டு எழுது. நாங்கள் கிறீஸ் பூசினோம், புழுதி முழுக்க அதில் ஒட்டிவிட்டது. காண்டாவனத்துக்கு முன்னால் கூரையை முடித்தாகவேண்டும். காணி அனுமதிக் கடிதம் ஒரு மேசையில் தூங்குகிறது. ஆளைப் பார்க்கப் போனால் இன்று லீவு, நாளை கூட்டம். அதை வாத்தியிடம் விட்டிருக்கிறோம், அவருடைய பழைய மாணவன் ஒருவன் அந்த மேசைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறானாம்.

ஆகஸ்டில் மடுத் திருவிழாவுக்கு வருவேன் என்று வருடா வருடம் சொல்கிறாய். இந்த முறை வந்தால் வேலை இருக்கிறது. துணி நான் தருகிறேன்.

உன்,
கறுவல்

பி.கு.: காசு அனுப்புகிறேன் என்று தொடங்காதே. எட்டு லீவருக்கும் பட்டறைக்காரர் சொன்ன விலையைச் சோடாப்புட்டி பேசிப் பாதியாக்கிவிட்டான். அதற்காவது அவன் உதவினான் என்று எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன்.