தயிர் டப்பாவ தூக்கிப் போடாத கண்ணு

கண்ணு,

நாத்து ட்ரே, குட்டித் தொட்டி எல்லாம் சேத்து 1,200 ரூபாய்க்கு ஆன்லைன்ல ஒரு செட்டு பாத்து வச்சிருக்கேன்னு நேத்து போன்ல சொன்னியே, அதுல இருந்து எனக்கு மனசே கேக்கல. வாங்காத சாமி. சென்னைல வாடகை கட்டிட்டு நீ படுற பாடு எனக்குத் தெரியும், தக்காளி கத்திரி மிளகா எல்லாம் நாத்தா இருக்கறது ஒரு மாசம் ஒன்றரை மாசம், அதுக்கு உன் வீட்டு குப்பைக்கூடைல போறதே தாராளம்.

தயிர் டப்பா, பிரியாணி பார்சல் டப்பா, அரை லிட்டர் பால் கவர் எல்லாத்தையும் நல்லா கழுவிக் காய வை, பால் வாசம் இருந்தா எறும்பு மொய்க்கும். அடியில மூணு நாலு ஓட்டை கட்டாயம் வேணும், இடுக்கில ஆணியப் புடிச்சு அடுப்புல காட்டிக் குத்துனா டப்பா விரியாது, ஜன்னலத் தொறந்து வச்சுக்க. கொட்டாங்குச்சில மூணு கண்ணு இருக்கும்ல, அதுல ஒண்ணு மெத்துன்னு இருக்கும், அதக் குத்தி விட்டா தண்ணி வடிய அதுவே வழி. முட்டை அட்டை எனக்குப் புடிக்கல, காலைல ஊத்துனது மத்தியானமே காஞ்சிடுது. பினாயில், பூச்சிமருந்து இருந்த டப்பா வேண்டவே வேண்டாம்.

போன வருசம் ஐஸ்க்ரீம் டப்பால ஓட்டை போடாமலே கத்திரி போட்டுட்டேன், அழகா முளைச்சுது, பத்து நாள்ல ஒண்ணொண்ணா சாஞ்சுருச்சு, எடுத்துப் பாத்தா மண்ண ஒட்டுன எடத்துல தண்டு நூல் மாதிரி இளைச்சுக் கெடக்கு. நாற்றழுகல், தண்ணி தேங்குனா வர்றது. அன்னைக்கு எனக்கு சோறே எறங்கல, அதான் ஓட்டை ஓட்டைன்னு சொல்றேன்.

செம்மண், தேங்கா நார்த்தூள், மண்புழு உரம் சமமா கலந்துக்க. விதைய அரை இஞ்சுக்கு மேல புதைக்காத. தக்காளி ஒரு வாரத்துல தலை காட்டும், மிளகாய்க்கு பத்து நாளுக்கு மேலயும் ஆகும், வரலன்னு கிளறிப் பாக்காத. முளைச்ச உடனே பால்கனி வெளிச்சத்துக்கு கொண்டு போயிரு, வீட்டுக்குள்ளயே வச்சா நெடுநெடுன்னு வெளுத்துப் போகும். வெண்டை, அவரை, கீரைக்கு நாத்து வேணாம், பெரிய தொட்டிலயே நேரா போட்ரு. தக்காளிய 25 நாள் வாக்குல சாயங்காலமா மாத்து, பழைய பக்கெட் போதும், டப்பாவ லேசா அமுக்கிக் கவுத்தா மண்ணு கட்டியா வந்துரும், தண்டப் புடிச்சு இழுக்காத.

ஆடி பொறந்துருச்சு, பட்டம் தப்பிறக் கூடாது. நம்ம செடில பழுத்த மிளகா விதையும் கத்திரி விதையும் சாம்பல்ல பொரட்டி தனித்தனியா மடிச்சு இன்னைக்கு கூரியர்ல போட்ருக்கேன், எது எந்த விதைன்னு அப்பா மேல எழுதிருக்காரு, ரெண்டும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும், பிரிக்கும்போது கலந்துராத.

அம்மா