தேயிலைச் சாயத்தில் முக்கியெடுத்த சேலைகள்

இலங்கை மலையகத்தில் படமெடுக்க வரும் இயக்குநர்களுக்கும் உடையலங்காரம் செய்வோருக்கும்,

வணக்கம்.

போன வாரம் எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது உங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். துணை நடிப்புக்கு வந்த பெண்களின் சொந்தச் சேலைகளை "கலர் கூடிப்போச்சு" என்று மாற்றச் சொல்லி, பழுப்பேற்றிய பருத்திச் சேலைகளைக் கொடுத்தார்கள். பழுப்பேற்றியது எதைக்கொண்டு? தேயிலைத் தூளைக் கொண்டுதான்!

வாளிக் கொதிநீரில் நாலு கைப்பிடித் தூள், அரை மணித்தியாலம் ஊறல். துணியைப் பழசாக்கத் தெரிந்த வழிதான், அதில் குறையில்லை. ஆனால் பருத்தி குடிக்கும் அந்தச் சாயத்தைப் பொலியெஸ்டர் குடிக்காது. ஆகவே கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கட்டும் பொலியெஸ்டர் சேலையை ஒதுக்கி, சாயம் பிடிக்கிற துணியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். வாளி துருப்பிடித்தது; இரும்பு பட்டால் தேயிலைச் சாயம் கறுக்கும். கறுத்துப்போன சேலைகளுக்குத் "துயரத்தின் நிறம்" என்று பெயர் வைத்தார்களாம்.

இரவில் நனைத்த பருத்தி ஹட்டன் குளிரில் விடியுமுன் காயுமா? காட்சி காலை ஆறரைக்கு. பத்து மணி வரை ஈரச் சேலையோடு தேயிலை நிரையில் நின்றார்கள். சரியாக அலசாததால் சாயம் கசிந்து ஜாக்கெட்டில் இறங்கி, இடுப்புத் தோலிலும் ஒட்டியது. பொலியெஸ்டரைப் பிழிந்து உதறினால் காய்ந்துவிடும், கலரும் லேசில் போகாது. மலையில் அது நிலைத்த காரணம் இவ்வளவுதான்.

நாங்கள் கேட்பது ஒன்றே: எங்கள் ஆட்களின் உடையை எங்கள் ஆட்களிடம் கேட்டுத் தெரிவு செய்யுங்கள்.

பழசாகத் தெரியவேண்டுமா? கூடைக் கயிறு அழுத்தும் உச்சந்தலையில் தலைத்துண்டு நைந்து நூல் தெரியும். கூடை உரசும் முதுகில் ஜாக்கெட் வெளுக்கும். சேலைக்கு மேல் சுற்றிக்கட்டும் தடித்த விரிப்பான படங்கு மூடிய இடுப்பு புதுசாகவே இருக்கும். அதற்குக் கீழே, கவ்வாத்து வெட்டிய, அதாவது கத்தரித்த, தேயிலைச் செடியின் வாது குத்துமிடத்தில்தான் கிழிசல். அந்த இடங்களை மட்டும் வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

பச்சைக்கு எதிரே சிவப்பு எடுப்பாக நிற்கும் என்று நாயகிக்குச் சிவப்பு, சுற்றியுள்ளவர்களுக்கு மண்நிறம். மற்ற லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தீபாவளி வருவதில்லை போலும். விதவை என்று வெள்ளை கட்டிவிட்டு, பௌத்தர்களின் பௌர்ணமி நாளான போயா தினத்தில் நுவரெலியா டவுனில் நடக்கவிட்டால், வெள்ளையுடுத்து சில் எடுக்க (பௌத்த நோன்பிருக்க) விகாரைக்குப் போகும் அம்மா என்றுதான் இங்கே நினைப்பார்கள். தேர்தல் காட்சியில் நாயகனுக்குப் பச்சைச் சட்டை மாட்டி "செழிப்பு" என்கிறீர்கள். இங்கே அதற்குப் பெயர் யூ.என்.பி.; பச்சை அந்தக் கட்சியின் நிறம். கலர் திருத்தும்போது தேயிலையையே நீலப்பச்சையாக்குகிறீர்கள்; இளங்கொழுந்தும் முற்றின இலையும் ஒன்றாகிவிடுகின்றன. 2023இல் மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு ஆண்டு என்று கொண்டாடியாயிற்று, திரையில் நாங்கள் இன்னும் காய்ந்த சேறுதான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அடுத்த முறை, துணிகளை அந்த மலையிலேயே விடியற்கால மூடுபனியிலும் பதினொரு மணி வெயிலிலும் ஒருதடவை கேமராவில் பாருங்கள். பனியில் பழுப்புச் சேலை மண்ணோடு கரைந்துவிடும். ரோஸும் மஞ்சளும் நிற்கும். சேலைகளை அந்தப் பெண்களிடமே கேளுங்கள், வாடகை கொடுத்து. மாற்றுச் சேலை ஒன்றும் காய்ந்தபடி கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
படப்பிடிப்புகளுக்குத் துணி தைத்தும் சாயமேற்றியும் கொடுக்கும் ஹட்டன் பகுதித் தொழிலாளர்