நம்பிக்கையில் எந்தக் கை?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் தன்னம்பிக்கைக் கட்டுரையில் 'நம்பிக்கை' என்ற சொல்லை 'நம்பு, கை' என்று பிரித்து, 'உன் கையை நம்பு என்பதே இதன் பொருள்' என்று எழுதியிருந்தார்கள். கூடவே யானையின் தும்பிக்கையும் வந்துவிட்டது. மேடையில் கைதட்டல் கிடைக்கும், சரி. ஆனால் அந்தக் கை தோளிலிருந்து தொங்கும் கை அல்ல. செய்கை, வருகை, கோரிக்கை ஆகியவற்றில் வரும் அதே தொழிற்பெயர் விகுதிதான், அதாவது வினையைப் பெயராக்கும் ஈறு. இலக்கண நூல்கள் சொல்லும் தொழிற்பெயர் விகுதிகளில் 'கை'யும் ஒன்று. கோரிக்கை என்றால் கையைக் கோருவதா?

முப்பது வருடம் வகுப்பில் தமிழ் நடத்தியவள் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சொல்லின் நிஜக் கதையே சுவாரசியமானது. தொல்காப்பியத்தில் சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியல் என்ற பகுதியில் 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்று வருகிறது. நசை என்றால் விருப்பம். அதாவது 'நம்பு' என்பது அந்தக் காலத்தில் ஆசையைக் குறித்த சொல். ஒருவர் மேல் பிரியம் வைத்தோம், பிறகு அவர் சொல்வதை மெய்யென்று ஏற்றோம் என்று இந்தப் பொருள் வளர்ந்திருக்கும் என நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை, நம்பிக்கையைக் குறிக்கும் ஆங்கில 'பிலீஃப்' என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். அதனுள் இருப்பது 'பிரியமான' என்று பொருள்படும் 'லீஃப்' என்ற பழைய சொல். 'லவ்' பிறந்ததும் அந்த வேரில்தான். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உறவே கிடையாது. ஆனாலும் இரண்டு ஊர்க்காரர்களும், தாங்கள் ஆசைப்பட்டதைத்தான் நம்பியிருக்கிறார்கள்!

வள்ளுவர் உஷாரான ஆள். 510ஆம் குறளில் நம்புவதற்கு அவர் வைத்திருக்கும் சொல் 'தெளிவு'. 'தேரான் தெளிவும்' என்று தொடங்கி, ஆராயாமல் நம்புவதும் நம்பியவரைச் சந்தேகிப்பதும் தீராத துன்பம் என்கிறார்.

நம்பிக்கையைக் குறிக்க வடமொழியில் இருந்த சொற்களில் 'சிரத்தை' என்பது 'இதயத்தை வைத்தல்' என்ற பொருளில் பிறந்த சொல். 'நம்புகிறேன்' என்று பொருள்படும் லத்தீன் 'கிரேடோ'வும் அதே கட்டமைப்புதான். நம் பையில் இருக்கும் கிரெடிட் கார்டு அந்த லத்தீன் வீட்டுப் பிள்ளை. தமிழுக்கு வந்த சிரத்தையோ 'சிரத்தையாகப் படி' என்று வெறும் கவனமாகிவிட்டது.

அப்புறம் 'விசுவாசம்'. கிறிஸ்தவர்களுக்கு அது இறைநம்பிக்கை; மற்றபடி நாயின் நன்றியுணர்வுக்கும் அதே சொல்தான். அதனுள் 'சுவாசம்' இருக்கிறது. இது மேடைப் பிரிப்பு அல்ல, வடமொழி வேரே 'மூச்சுவிடு' என்பதுதான். பயமில்லாமல், நிம்மதியாக மூச்சுவிடுவதே விசுவாசம். கட்டுரையாளர் அடுத்த கூட்டத்தில் கையை விட்டுவிட்டு இதைச் சொல்லட்டும். தும்பிக்கைக்குக் கிடைத்த கைதட்டல் இதற்கும் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தஞ்சாவூர்.