அந்தப் பழி பென் டிரைவ் மேல் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கம்ப்யூட்டர் சாமான்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையில், பென் டிரைவ் வந்ததும் ஜிப் டிரைவ் (ஃபிளாப்பி மாதிரி டிஸ்க்கைப் போட்டு எடுக்கிற, ஆனால் அதைவிட நிறையக் கொள்ளும் பெட்டி) ஒழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். முப்பது வருஷமாக டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து அச்சுக்குக் கொடுக்கிற) வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், பென் டிரைவ் கடைக்கு வந்ததே 2000-ல்தான், அதுவும் 8 எம்பி. அதற்குள் ஜிப் மாதிரி டிரைவ்களைச் செய்த கம்பெனிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாதி சாய்ந்தாயிற்று.

ஒரு ஏ4 படத்தை நான்கு வண்ணத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் 30 எம்பியைத் தாண்டும், ஃபிளாப்பியோ 1.44 எம்பி. அச்சுக்கு ஃபிலிம் போடுகிற இடத்துக்கு ஃபைலை எப்படிக் கொண்டுபோவது? முதலில் கைகொடுத்தது சைக்வெஸ்ட் என்ற கம்பெனியின் 44 எம்பி காட்ரிட்ஜ், டிரைவில் போட்டு எடுக்கிற டிஸ்க் பெட்டி. உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க் தட்டு, அதனால் பையனிடம் கொடுக்கும்போது "கீழே போட்டுடாதேடா" என்று மூன்று தடவை சொல்லித்தான் அனுப்புவோம்.

1995-ல் ஐயோமேகா கம்பெனியின் ஜிப் வந்தது. நீலப் பெட்டி, 100 எம்பி, அமெரிக்காவில் டிரைவ் 199 டாலர், டிஸ்க் 20 டாலர் சுமாருக்கு. சைக்வெஸ்ட் சும்மா இருக்குமா, அதே வருஷம் 135 எம்பியில் ஒன்றை இறக்கியது. ஐயோமேகா 1 ஜிபி ஜாஸ் என்றால் சைக்வெஸ்ட் 1.5 ஜிபி சைஜெட். ஒருவர் டிஸ்க் மற்றவர் டிரைவில் நுழையாது, ஏனென்றால் டிரைவை மலிவாகத் தள்ளிவிட்டு டிஸ்க்கில் காசு பார்ப்பதுதான் கணக்கே. எங்கள் மேசையில் இரண்டு டிரைவும் இருந்தன, மூன்றாவது வகை டிஸ்க்கோடு வந்தவரைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

இதில் எனக்குப் பிடித்தது எல்எஸ்-120 என்ற இன்னொரு டிரைவ்தான். 120 எம்பி டிஸ்க்கோடு பழைய ஃபிளாப்பியையும் படிக்கும், அதுதானய்யா புத்தி! ஆனால் அது வருவதற்குள் ஜிப் எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிட்டது. சோனியும் 200 எம்பி டிரைவோடு வந்து, கோளாறு என்று திரும்பப் பெற்றது. 1998 நவம்பரில் சைக்வெஸ்ட் திவால், மிச்சம் மீதியை மறு வருஷம் வாங்கியது யார் என்றால் ஐயோமேகாவேதான். ஜெயித்தவர்களுக்கும் நிம்மதி இல்லை, டிரைவ் 'க்ளிக் க்ளிக்' என்று அடித்துக்கொண்டு செத்துப்போகிறது என்று 1998-லேயே அமெரிக்காவில் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள்.

சரி, அப்புறம் யார் ஜிப்பை முடித்தது? வெற்று சிடி. எங்கள் கடையில் ஒரு நோட்டு உண்டு, எந்த ஜிப் டிஸ்க் யாரிடம் போயிருக்கிறது, எப்போது திரும்ப வரும் என்று எழுதிவைக்க. டிஸ்க் விலை அப்படி. சிடி எழுத ஆரம்பித்த பிறகு அந்த நோட்டைத் தொடவே இல்லை: 650 எம்பி, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும், கஸ்டமரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். அந்தச் சமயத்தில் பென் டிரைவை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இன்னொன்று, கடிதம் எழுதியதே பாதி இதற்குத்தான். பழைய கஸ்டமர் ஒருவர் தன் புத்தகத்தின் ஃபைல் வேண்டும் என்று போன மாதம் வந்தார், காட்ரிட்ஜ் பத்திரமாக இருக்கிறது, போட்டுப் பார்க்கத்தான் டிரைவ் இல்லை. வாசகர்கள் யாரிடமாவது ஓடுகிற 44 எம்பி சைக்வெஸ்ட் டிரைவ் இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பழைய டிடிபிக்காரன்,
திருவல்லிக்கேணி, சென்னை