தலைவலி என்று அவள் சொன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. மருமகளுக்குப் பாதம் லேசாக வீங்கியிருக்கிறது, ஐந்து மாதமாகிவிட்டால் அப்படித்தானே என்று நேற்று போனில் கேட்டாய். சாயங்காலம் வீங்கி, காலை உயர்த்தி வைத்துப் படுத்ததும் வடிந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. விடிந்த பிறகும் வடியாமல், முகம் உப்பி, கைவிரலில் மோதிரம் இறுகினால் அது வேறு. அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும், யூரினில் உப்பு, அதாவது புரதம், இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது பார்த்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். எட்டு மாதம். காலையிலிருந்து தலைவலி என்று நெற்றி நிறையத் தைலம் தேய்த்துப் படுத்திருந்தாள். வெயிலில் நின்றிருப்பாள் என்றார் மாமியார். கையில் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தால் 160-க்கு 110. கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்று அப்போதுதான் வாய் திறந்தாள். 108-ஐக் கூப்பிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டோம். வலிப்பு வராமல் தப்பித்தாள். குழந்தை எடை குறைவு, ஆனாலும் பிழைத்தது. வலிப்பு வரும் ஆபத்தை அந்த ஊசி பாதியாகக் குறைக்கிறது என்று பல நாடுகளில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் வீட்டில் ஒருவர் தலைவலியைப் பெரிதாக எடுத்துக்கொண்டால்தான் அந்த ஊசி அவளை எட்டும். உன் வீட்டில் அந்த ஒருவர் நீதான்.

140-க்கு 90. இதை மனப்பாடம் செய்துகொள். பிரஷரில் இந்த இரண்டில் எதைத் தொட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, இரத்தக் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்காதே.

இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறாளாம். அது உடம்பில் சரியாகச் சேராது. காபிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நல்லது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளிவிடு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அது குறையக் குறைய, பிரசவத்தில் போகிற இரத்தத்தை உடம்பு தாங்குவது கஷ்டமாகும். 24-ஆவது வாரத்துக்கு மேல் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். எங்கள் பக்கம் யாருக்கும் சர்க்கரை கிடையாது என்று அவள் தட்டிக்கழித்தால் விடாதே.

வளைகாப்பு முடிந்து புனேயிலிருந்து தாய்வீட்டுக்குப் போகிறாள் அல்லவா, அதற்கு முன் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, பிரஷர் குறித்த அட்டை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொடு. புது டாக்டருக்கு அவளுடைய பழைய பிரஷர் தெரியாவிட்டால் ஏறியிருப்பதும் தெரியாது.

குழந்தை பிறந்ததும் எல்லோர் கண்ணும் தொட்டில் பக்கம் திரும்பிவிடும். பிரசவமாகி ஆறு வாரம் வரை இந்த பிரஷரும் வலிப்பும் வரலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலி என்றால் காற்று பட்டுவிட்டது என்று காதில் பஞ்சு வைத்துப் படுக்க வைப்பார்கள். சம்பந்தியம்மாவிடம் நானும் சொல்லிவிடுகிறேன். நீ தினமும் போன் செய்து குழந்தையைக் கேட்பதற்கு முன் அவளைக் கேள்.

வெள்ளிக்கிழமை செக்கப் முடிந்ததும் பிரஷரும் ஹீமோகுளோபினும் எவ்வளவு என்று எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா