விளையில் நிற்கும் கொக்கோ மரங்கள்

கொலோன், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்ததா? நம் விளையில், அந்தத் தென்னந்தோட்டத்தில், தென்னைக்கு இடையில் நிற்கும் கொக்கோவை வெட்டிவிட்டு வாழை வைக்கப்போவதாகப் போனில் சொன்னீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

டூட்டி இல்லாத நாளில் இங்குள்ள சாக்லேட் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ரைன் ஆற்றங்கரையில் கண்ணாடியும் இரும்புமாகக் கப்பல் போல நிற்கிறது. ஹான்ஸ் இம்ஹோஃப் என்ற சாக்லேட் முதலாளி 1993-ல் திறந்தது. உள்ளே கண்ணாடி வீடு கட்டி, சூடேற்றி, கொக்கோ மரம் வளர்க்கிறார்கள். நம் விளையில் கேட்பாரற்று நிற்கும் அதே மரம்! ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி அங்கேயே நின்றுவிட்டேன்.

சின்னத் தொழிற்சாலை ஒன்றும் ஓடுகிறது. சாக்லேட்டை அச்சில் ஊற்றி, குளிரவைத்து, உறை சுற்றுவது வரை பார்க்கலாம். மூன்று மீட்டர் உயர நீரூற்றில் தண்ணீருக்குப் பதில் சாக்லேட் வழிகிறது. வேஃபரை அதில் முக்கித் தருகிறார்கள். 1879-ல் சுவிட்சர்லாந்தில் ரோடால்ஃப் லிண்ட் கண்டுபிடித்த காஞ்ச் இயந்திரம்தான் சாக்லேட்டை நாக்கில் கரையும்படி மாற்றியது. மணிக்கணக்காக அரைத்து, பிசைந்து, புளிப்பு வாடையைப் போக்கிவிடும்.

ஆனால் அப்பா, எந்த இயந்திரம் இருந்தாலும் கொட்டையைப் புளிக்க வைக்காவிட்டால் சாக்லேட் மணமே வராது. அந்த வேலை நடப்பது விவசாயியின் கையில். நாம் பச்சைக் கொட்டையாகவே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறோம். சின்ன வயதில் நாங்கள் சப்பித் தின்போமே, அந்த வெள்ளைச் சதையோடு கொட்டையைக் கூடையில் குவித்து, வாழையிலை போட்டு மூட வேண்டும். சதை புளித்து, குவியல் 45 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் முளை செத்து, கொட்டைக்குள் மணத்துக்கான சத்து உருவாகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறி, ஐந்தாறு நாள் வைத்து, அப்புறம் வெயிலில் நன்றாகக் காயப்போட வேண்டும். குவியல் ரொம்பச் சிறியதானால் சூடேறாது. அதனால் பக்கத்து விளைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உலகக் கொக்கோவில் பாதிக்குமேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்கேயும் இதைச் செய்வது நம்மைப் போன்ற சிறு விவசாயிகள்தான். அவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சமே என்று தெரிந்தபோது மனசு கனத்தது. நம் வியாபாரியிடம் காய்ந்த கொட்டைக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். அந்த விலை கட்டுப்படியாகாவிட்டால் மரத்தை வெட்டிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனம். மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையில் கொட்டையை வைத்துவிடாதீர்கள். புகை வாடை ஏறினால் யாரும் வாங்கமாட்டார்கள். திண்ணையில் பரப்பி, ஃபேன் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்